மைதாவுக்குப் பதில் எது? ரொட்டி, பிஸ்கட் தொழிலில் புதிதாய்ப் புகுவோருக்கு ஒரு பாடம்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வரும் மக்களுக்குக் கணக்கில்லை. கார்த்திகைத் தீபத்தன்றோ ஊர் கொள்ளாது. வருகிறவர்கள் பசியுடன் நடக்கிறார்கள். வழியில் கிடைப்பதை வாங்கி உண்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள பிஸ்கட் பொட்டலம் பெரும்பாலும் எங்கோ தொலைவிலுள்ள தொழிற்சாலையில் செய்யப்பட்டதாகவே இருக்கிறது. அதே வேளையில், இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. சமவெளியில் கேழ்வரகும், மல்லாட்டை என்று நாம் வழங்கும் வேர்க்கடலையும் விளைகின்றன. விளைவிப்பவர் ஒரு பக்கம், உண்பவர் மறு பக்கம். இடையில் நம் ஊர்ப் பெண்கள் நடத்தும் ஓர் அடுப்பு இருந்தால் இருவருக்கும் நன்மை அல்லவா?

இவ்வெண்ணம் நமது மகளிர் குழுக்களிடையே சில ஆண்டுகளாக வேரூன்றி வருகிறது. நம் நாட்டின் வேண்டுகோளின்படி ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்கி வருகிறது. விதையும் உண்டு, விளைச்சலும் உண்டு, வாங்குவோரும் உண்டு. எனினும் தொழிலில் இறங்கிய பலர் முதல் சில மாதங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அதற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாய அன்பர்களும் இதனைப் படித்துத் தத்தம் ஊரிலுள்ள குழுக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கூட்டமொன்றில் நாமே எழுந்து, “மைதாவுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவைப் போடுங்கள், ஊருக்கும் நன்மை, உடலுக்கும் நன்மை” என்று பேசினோம். கைதட்டல் கிடைத்தது. நம் சொல்லை நம்பி ஒரு குழுவைச் சேர்ந்த 12 பெண்கள் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, 6,000 ரூபாய் முதலுடன் வேலையைத் தொடங்கினார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு, பன் ரொட்டிக்குரிய வழக்கமான அளவுகளில் மைதாவை மட்டும் நீக்கிவிட்டு, அதே எடைக்குக் கேழ்வரகு மாவைச் சேர்த்தார்கள். விடியற்காலையில் அடுப்பிலிருந்து வெளிவந்தவை பன்கள் அல்ல; தட்டையான, கறுத்த, பிட்டால் மண்கட்டி போல் உதிரும் வில்லைகள். ஈஸ்ட் போதவில்லையோ என்று எண்ணி அடுத்த ஈட்டில் அதனை இருமடங்காக்கினார்கள். புளிப்பு நாற்றம் மிகுந்ததே ஒழிய பன் எழும்பவில்லை. மூன்று ஈடும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. முதலில் பாதி அந்த ஓர் இரவில் கரைந்தது. “அப்போதே சொன்னேனே” என்ற சொல்லை அன்று எத்தனை பேர் தம் வீட்டில் கேட்க நேர்ந்ததோ!

பெண்கள் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ரொட்டிக் கடைகளில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவர்களிடம் சென்றோம். “மாஸ்டர், மைதாவுக்குப் பதிலாக என்னதான் போடுவது?” என்று ஒருவர் கேட்டார். பெரியவர் அந்த வில்லையை உடைத்துப் பார்த்தார். “பதில் எது என்று கேட்கிறீர்களே, அம்மா! மைதா அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டீர்களா?” என்றார்.

அக்கேள்வியே இப்பாடத்தின் சாரம். மாற்ற வேண்டியது பொருளின் பெயரை அன்று. அப்பொருள் செய்துவந்த வேலையை வேறொன்று ஏற்குமாறு செய்தலே மாற்றாகும்.

இட்லி அறிவிக்கும் உண்மை

இதனைப் புரிந்துகொள்ள நம் சமையலறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போடுகிறோம். உளுந்து விலை ஏறிவிட்டது என்று துவரம் பருப்பை அரைத்து ஊற்றினால் இட்லி வருமா? அடை வரும், இட்லி வராது. இரண்டும் பருப்புத்தான். ஆனால் உளுந்தின் வழவழப்பு, புளிக்கும்போது உண்டாகும் காற்றைச் சிறு சிறு குமிழிகளாகப் பிடித்து வைக்கிறது. துவரைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. காற்று உண்டாவது ஒரு வேலை. உண்டான காற்றைப் பிடித்து வைப்பது மற்றொரு வேலை. ஈஸ்டை இருமடங்காக்கிய பெண்கள் முதல் வேலையைப் பெருக்கினார்கள். இரண்டாவது வேலைக்கு அங்கே ஆளே இல்லை.

இனி ஒவ்வொரு பொருளின் வேலையையும் முறையாகக் காண்போம்.

மாவு

கோதுமையில் உள்ள இருவகைப் புரதங்கள், தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னி ரப்பர் போன்ற வலையாகின்றன. இதனைப் பசையம் என்பர். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிவது இதனால்தான். ரொட்டியில் ஈஸ்ட் வெளிவிடும் காற்றைத் தாங்கி நிற்பதும் இவ்வலையே. கேழ்வரகு, சாமை, தினை, கம்பு, அரிசி ஆகிய எவற்றிலும் இப்பசையம் கிடையாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நாம் செய்யும் பண்டத்திற்கு இவ்வலை எவ்வளவு தேவை என்பதாகும். பன், ரொட்டி ஆகியவற்றுக்கு மிகவும் தேவை. எனவே 100 பங்கு மாவில் 10 முதல் 20 பங்கு வரை சிறுதானிய மாவைச் சேர்த்து நிறுத்திக்கொள்ளுதல் நலம். கேக்குக்கு ஓரளவே தேவை. மூன்றில் ஒரு பங்கு வரை புதியவரும் துணிந்து மாற்றலாம். பிஸ்கட்டுக்கோ இவ்வலை தேவையே இல்லை. மிகுந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். அதனால் பாதி மாவையும், கை பழகிய பின் முழு மாவையும் மாற்றலாம். சிறுதானியத்தை வைத்துத் தொழில் தொடங்குவோர் பன்னில் தொடங்காமல் பிஸ்கட்டில் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

கேழ்வரகு மாவு ஈரத்தை மெதுவாகவும் மிகுதியாகவும் உறிஞ்சும். பிசைந்தவுடன் சரியாக இருக்கும் மாவு கால் மணி நேரத்தில் இறுகிவிடும். ஆதலால் பிசைந்து இருபது நிமிடம் மூடி வைத்து, பிறகு தேவையானால் ஒரு கரண்டி பால் தெளித்துக்கொள்ள வேண்டும். மாவை நைசாக அரைத்துச் சலித்தால் நறநறப்பு இராது. சிறிது வறுத்தால் பச்சை வாடை நீங்கும். கம்பு மாவில் கொழுப்புச் சத்து இருப்பதால் சில நாட்களிலேயே கசப்பேறும். தேவைக்கேற்ப அவ்வப்போது அரைப்பதே முறை.

கொழுப்பு

வெண்ணெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அது மாவின் ஒவ்வொரு துகளையும் பூசி, ஈரம் புகாமல் தடுத்து, பிஸ்கட் வாயில் கரையுமாறு செய்கிறது. சர்க்கரையுடன் சேர்த்து நன்கு குழைக்கும்போது காற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யோ மல்லாட்டை எண்ணெயோ சேர்க்கலாம். ஆனால் எடைக்கு எடை போடலாகாது. வெண்ணெயில் சுமார் 80 பங்குதான் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யும் எண்ணெயும் முழுக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய் அல்லது எண்ணெயும், ஏறக்குறைய 15 மில்லி லிட்டர் பாலும் கணக்கு. எண்ணெய் காற்றை அடக்காது. ஆகவே எண்ணெய் பிஸ்கட் சற்று அடர்த்தியாக இருக்கும். நெய்யை உறைந்த நிலையில் குழைத்தால் அக்குறை பெரிதும் நீங்கும்.

மலிவு கருதிப் பலர் நாடுவது வனஸ்பதி. எண்ணெயைக் கெட்டியாக்கும் முறையில் உண்டாகும் ‘டிரான்ஸ்’ கொழுப்பு இதயத்திற்குக் கேடு என்பதால், சமையல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சத்துப் பண்டம் என்று சொல்லி விற்பவர் அதில் எக்கொழுப்பைச் சேர்க்கிறார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிப்பு

சர்க்கரை இனிப்பைத் தருவதுடன் பிஸ்கட்டுக்குப் பொன்னிறத்தையும், கேக்குக்கு ஈரத்தையும் தருகிறது. அடுப்பில் உருகிப் பிஸ்கட் பரவவும் உதவுகிறது. அதனைப் பாதியாகக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. நிறமும் மொறுமொறுப்பும் சேர்ந்து குறைகின்றன.

நாட்டுச் சர்க்கரையைச் சர்க்கரையின் எடைக்கே போடலாம். ஆனால் அதில் ஈரம் உண்டு; அதற்கேற்பப் பாலைக் குறைக்க வேண்டும். வெல்லமானால் கரைத்து வடிகட்டிக் கல்லும் மண்ணும் நீக்கி, பாகை நன்கு ஆற விட வேண்டும். சூடான வெல்லப் பாகில் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். வெல்லத்தில் செய்த பிஸ்கட் சற்றுக் கருநிறமாயிருப்பது இயல்பு. தீய்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டா. ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறோம்: வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையினமே. “நீரிழிவு உள்ளவர் தாராளமாய் உண்ணலாம்” என்று சொல்லி விற்பது பிறர் உடலோடு விளையாடுவதாகும்.

முட்டை

கோயில் நகரமாகிய திருவண்ணாமலையில் முட்டையில்லாப் பண்டத்தைக் கேட்டு வாங்குவோர் மிகுதி. எனவே இம்மாற்று நமக்கு மிகவும் பயன்படும். முட்டை பலவேலைக்காரன். அது மாவைப் பிணைக்கிறது, ஈரம் தருகிறது, அடித்தால் நுரைத்துக் காற்றைத் தாங்குகிறது, வெந்தபின் இறுகி உருவத்தை நிறுத்துகிறது. இத்தனை வேலையையும் ஒரே பொருள் செய்யாது. ஆகையால் எந்த வேலைக்கு முட்டை சேர்க்கப்பட்டதென்று பார்த்துப் பதிலைத் தேட வேண்டும்.

ஈரமும் மென்மையும் வேண்டுமாயின், ஒரு முட்டைக்குக் கால் கோப்பை, அதாவது 60 மில்லி லிட்டர் தயிர் போதும். மசித்த வாழைப்பழமும் அதே அளவே. ஆனால் பழத்தின் மணம் இருக்கும். பிணைப்பு வேண்டுமாயின், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் முட்டை போலவே வழவழப்பாகும். நுரைக்காகச் சேர்க்கும் இடத்தில் இவை எவையும் உதவா. கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீரை அடித்தால் வெண்கருவைப் போல் நுரைக்கும் என்பது 2015-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய செய்தி. ஆனால் அது கை பழகியவர் செய்து பார்க்கத் தக்கது.

உப்பச் செய்பவை

ஆப்ப சோடா புளிப்பைச் சேர்ந்தால்தான் நன்கு பொங்கும். புளிப்பு இல்லாவிடத்து அது முழுதும் செலவாகாமல் மீந்து, சோப்புச் சுவையையும் மஞ்சள் நிறத்தையும் தரும். பேக்கிங் பவுடர் என்பது அதே சோடாவுடன் உலர்ந்த புளிப்புப் பொருளையும் மாச்சத்தையும் முன்கூட்டியே கலந்து வைத்தது. அதனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று சம அளவில் மாற்றுதல் கூடாது. பேக்கிங் பவுடர் இல்லையேல், ஒரு தேக்கரண்டிக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் அரைக் கோப்பை புளித்த தயிரும் சேர்த்து, அந்த அளவுக்கு மற்ற நீர்ப் பொருளைக் குறைத்துக்கொள்ளலாம். கலந்தவுடனே பொங்கத் தொடங்கிவிடும் என்பதால் மாவைக் காத்திருக்க விடாமல் அடுப்பில் வைக்க வேண்டும்.

ஈஸ்ட் உயிருள்ளது. வெதுவெதுப்பான நீரில் விழித்தெழும், கொதிநீரில் மடியும். கை பொறுக்காத சூடு ஈஸ்டும் பொறுக்காது என்பதே எளிய அளவு. ஈஸ்டுக்குப் பதில் சோடா போட்டால் ரொட்டியின் மணமும் நாரும் வாரா. கேக்கைச் சேர்ந்த வேறொரு பண்டமே வரும்.

முன்னோர் செய்து காட்டியவை

மாற்றுப் பொருளைத் தேடுவது ஏழ்மையின் அடையாளமென்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 1883-ஆம் ஆண்டில் கேரளத்துத் தலச்சேரியில், பர்மாவில் தொழில் கற்றுவந்த மாம்பள்ளி பாபு என்பவரிடம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, அதுபோல் செய்து தரக் கேட்டதாக வரலாறு கூறுவர். பிரெஞ்சு நாட்டுப் பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாபுவோ அதற்குப் பதிலாக முந்திரிப் பழத்திலிருந்து இறக்கிய உள்ளூர்ச் சாராயத்தையும் கதலி வாழைப்பழத்தையும் சேர்த்துக் கேக்கைச் செய்து கொடுத்துப் பாராட்டும் பெற்றார் என்பர். மணத்தையும் ஈரத்தையும் தருவதே பிராந்தியின் வேலை. அவ்வேலையை உள்ளூர்ப் பொருள் ஏற்றது.

நம் தமிழ்நாட்டுத் தூத்துக்குடி மக்ரூன் மற்றொரு சான்று. ஐரோப்பியர் பாதாம் பருப்பில் செய்த பண்டத்தை, தூத்துக்குடித் தொழிலாளர் முந்திரிப் பருப்பில் செய்தனர். எண்ணெய்ப் பசையுள்ள பருப்பின் வேலையை வேறொரு பருப்பு ஏற்றது. ஊரின் பெயரும் அதனால் விளங்கியது. ஆனால் அதே மக்ரூனில் முட்டை வெண்கருவை நீக்கித் தயிரை ஊற்றினால் அது மக்ரூன் ஆகாது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற தெளிவுதான் கைத்திறனின் பாதி.

முதல் பிஸ்கட்

புதிதாய்ப் புகுவோர் கால் கிலோ மாவுக்கு மேல் முதலில் எடுத்தல் கூடாது. கேழ்வரகு மாவு 125 கிராம், கோதுமை மாவு 125 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது, பால் இரண்டு முதல் மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளவும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை குழைக்கவும். மாவுகளையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்து இதில் கலந்து, பால் தெளித்துத் திரட்டி, இருபது நிமிடம் மூடி வைக்கவும். பிறகு அரை அங்குலத்திற்குக் குறைந்த கனத்தில் வில்லைகளாக்கி, முன்பே சூடேற்றிய ஓவனில் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கவும். வெளியே வரும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பின்பே மொறுமொறுப்பாகும். வேகவில்லை என்று மீண்டும் உள்ளே தள்ளிக் கருக்கிவிடுவது புதியவர் செய்யும் முதல் பிழை.

இது சரியாக வந்த பிறகே மாற்றங்களைத் தொடங்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே பொருளை மட்டும் மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது கெடுத்தது, எது காத்தது என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் எடை, நேரம், விளைவு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவும். புது விதையை ஊர் முழுதும் விதைக்காமல் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்க்கும் உழவருக்கு இம்முறையை நாம் விளக்க வேண்டியதில்லை.

பொட்டலத்தின் மேல் உண்மை

மாற்றியதைச் சொல்லி விற்பதே அறம். பத்தில் ஒரு பங்கு கேழ்வரகு போட்டுவிட்டு ‘கேழ்வரகு பிஸ்கட்’ என்று பெரிதாய் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். வேர்க்கடலை, பால், கோதுமை ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருபவை. அவற்றின் பெயர் பொட்டலத்தில் கட்டாயம் இருத்தல் வேண்டும். திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டவருள் சிலர் பசையம் இல்லாப் பண்டம் கேட்பர். அவருள் பசையம் சிறிதும் ஒவ்வாத நோயுடையவரும் இருக்கக்கூடும். அப்பெயரில் விற்பனைக்கு வரும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் பசையம் இருக்கலாகாது. கோதுமை அரைத்த அதே மாவு மில்லில் அரைத்த கேழ்வரகு அத்தகுதியைப் பெறாது. அறியாமல் சொல்லும் ஒரு சொல் ஒருவரை நோயில் தள்ளும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவதும் வீட்டுத் தொழிலுக்கு விலக்கன்று.

ஊராட்சி மன்றங்களின் கடமை

கூட்டத்தில் எழுந்து “மாற்றுங்கள்” என்று சொல்வது எளிது. நாமும் அதைத்தான் செய்தோம். அதனினும் பயனுள்ளவை சில உண்டு. குழுக்கள் கடன் வாங்குமுன் பயிற்சி பெற ஏற்பாடு செய்யலாம். சிறுதானியத்திற்கெனத் தனியே ஒரு மாவு இயந்திரம் அமையுமா என்று ஆராயலாம். துல்லியமான ஒரு தராசைக் குழுவுக்கு வாங்கித் தரலாம்; கைப்பிடி அளவில் தொழில் நடக்காது. கிராம சபைக் கூட்டம், திருவிழா போன்ற நாட்களில் உள்ளூர்ப் பண்டத்தையே வாங்கி வழங்கி முதல் வாடிக்கையாளராகலாம்.

நாம் குறிப்பிட்ட பன்னிரண்டு பெண்களும் தொழிலைக் கைவிடவில்லை. பன்னை விட்டுப் பிஸ்கட்டுக்கு வந்தார்கள். கால் கிலோ, அரைக் கிலோ என்று நோட்டுப் புத்தகத்துடன் முன்னேறினார்கள். இழந்த முதலை மீட்கப் பல பௌர்ணமிகள் ஆயின. அந்நோட்டின் முதற் பக்கத்தில் அவர்கள் எழுதி வைத்திருப்பது செய்முறையன்று; “இது இங்கே என்ன வேலை செய்கிறது?” என்ற பெரியவரின் கேள்விதான். புதிய தொழிலில் புகும் ஒவ்வொருவரும், அவர்களுக்கு யோசனை சொல்லப் புகும் நம் போன்றோரும், முதலில் அக்கேள்வியைக் கேட்டுப் பழகுவோமாக.